அடுப்புச் சாம்பல்

– சாம்பலையுமா அள்ளிட்டு வரணுங்க?

– ஆமா கோகிலா. ஆபீசரு மொதல்ல அடுப்பத்தான் பாப்பாராம். சாம்பல் இல்லேன்னா இந்த ஊட்டுல யாரும் குடியில்லைன்னு எழுதிருவாரு. கொட்டாயில கெடக்கற பானை, பாய், என்ற வேட்டி, எல்லாத்தையும் கொண்டா.

– எட்டு மாசமா நாம மொளகுக் கொட்டாயிலதானுங்க படுத்துக் கெடக்கறோம்.

– அதத்தான் வாயில எடுக்கக்கூடாது. ஊட்டுக்காரங்க கூடவே குடியிருந்தாத்தான் டூரிஸ்டுக்கு ரூம் உடலாமாம். மொத்த ஊட்டையும் உட்டுப்போட்டு நாம வெளிய இருந்தா, பூட்டி சீல் வெச்சிருவாங்க. ரோட்டோரம் கடை வெச்சிருக்கற தமிழ்செல்வன் இப்பத்தான் போன் பண்ணுனான், ஜீப்பு சோளக்காடு தாண்டிருச்சாம்.

– உள்ள தங்கியிருக்கறவங்க எங்கீங்க?

– அருவி பாக்கப் போயிருக்காங்க. கேட்டா உன்ற அக்கா ஊட்டு ஒறம்பரை, விருந்துக்கு வந்திருக்காங்கன்னு சொல்லு.

– பாப்பாகிட்டக் கேட்டா?

– ராதிகாகிட்ட நீ சொல்லி வெய்யி. பதிமூணு வயசாச்சு, புரிஞ்சுக்குவா.

– போன மாசம் ரூம்ல தங்க வந்த ஒருத்தன் குடிச்சுப்போட்டு, கொட்டாய்க்குக் கதவாத் தொங்கற சாக்கத் தூக்கிட்டு நின்னான். புள்ள உள்ள துணி மாத்திக்கிட்டிருந்துச்சு.

– வழி தெரியாம வந்துட்டேன்னாரே. அதெதுக்கு இப்ப?

– அன்னையில இருந்து பாப்பா ஒழுங்காத் தூங்கறதில்லீங்க. சாக்கு அசைஞ்சாலே எந்திரிச்சு உக்காந்துக்கறா. எனக்கும் பயந்தானுங்க. கதவு வெச்ச ஊடு நம்முளுது, அதுல எவனெவனோ படுத்திருக்கான்.

– மெதுவாப் பேசு. எல்லாம் நம்ம மேல எவனோ ஆபீசுக்கு எழுதிப் போட்ட மனுவால வந்த வெனை. அங்க போயி எட்டிப் பாத்தேன், கோடு போட்ட நோட்டுத் தாளு. மடிச்சுப் புடிச்சுக்கிட்டு, பேரக் காட்டமாட்டேன்னுட்டாங்க. பக்கத்துக் காட்டு முருகானந்தத்து வேலையாத்தான் இருக்கும், அவனுக்குத்தான் நம்ம மேல வயித்தெரிச்சல்.

– பாவமுங்க, அவரு மேல போடாதீங்க.

– வேற யாரு? சீல் வெச்சா நாமளும் உள்ள போக முடியாது. அது தெரிஞ்சுதான எழுதியிருக்கான்.

– தெரியாம யாருங்க எழுதுவாங்க.

– ஜீப்புச் சத்தம் கேக்குது. வெரசாச் சாம்பலக் கொட்டு.

– என்னால முடியாதுங்க.

– கோகிலா, உன்னையக் கும்புடறேன். நம்ம ஊடு போயிரும் புள்ள.

– எழுதுனது நம்ம பாப்பாங்க. கீழ கையெழுத்துப் போட்டது நான்.