லின்ஃபீல்ட் குடியரசு

கோதண்டராமன்: ...ஆகவே சபையோரே! ரெண்டு தடவை ஜனாதிபதியா இருந்த வாஷிங்டன், மூணாவது தடவை வேண்டாம்னு வீட்டுக்குப் போனார். நம்ம சுதந்திரத் தமிழ் மன்றத்தோட தலைவர் பதவியை நானும் அதே மாதிரி... எப்படி இருக்கு சற்குணம்?

சற்குணம்: நல்லா இருக்கு தலைவர். ஆனா அவரை இருக்கச் சொல்லிக் கேக்க ஆக்கள் இருந்தவை.

கோதண்டராமன்: மழை பெய்யுதுல்ல. வருவாங்க.

சற்குணம்: மூண்டு மணிக்குக் கூட்டமெண்டு போட்டனீங்கள். இப்ப மூண்டேமுக்கால். இந்த லின்ஃபீல்ட் மண்டபத்தில அறுபது கதிரை போட்டிருக்கிறன். ரெண்டில நாங்கள் இருக்கிறம்.

கோதண்டராமன்: ஹெண்டர்சன் கிளை?

சற்குணம்: விக்னேஷின்ர குடும்பம்தானே கிளை. அவை போன மாசமே மெல்பேர்னுக்குப் போயிட்டினம்.

கோதண்டராமன்: எங்கிட்ட யாரும் சொல்லலையே!

சற்குணம்: நான் சொன்னனான். 'மேற்கு விரிவாக்கம் தொடர்கிறது' எண்டு நீங்கள்தான் அறிக்கையில எழுதினீங்கள்.

கோதண்டராமன்: இங்கேர்ந்து கடல் தாண்டினா மெல்பேர்னும் மேற்குதானய்யா? அமெரிக்காவுல ஜெஃபர்சன் ஒரே கையெழுத்துல நிலம் வாங்கி நாட்டையே ரெண்டு மடங்காக்கினார், தெரியுமா?

சற்குணம்: எங்கட நாடு ஒரு பிளேன்ல ஏறிப் பாதியாப் போச்சு.

கோதண்டராமன்: கிண்டலா?

சற்குணம்: இல்லை தலைவர்... இந்தக் கடிதத்துக்கு என்ன செய்யிறது? நாங்கள் பிரிஞ்சு வந்த தாய்ச் சங்கம் இண்டைக்குள்ள பதில் கேக்குது. திரும்ப வந்து சேருங்கோ எண்டு மரியாதையாத்தான் எழுதியிருக்கினம். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும்.

கோதண்டராமன்: எதுக்குப் பிரிஞ்சோம்னு மறந்துட்டீங்களா? பத்து வருஷம் நான் அங்க செயலாளர். ஆண்டு விழா மேடையில எனக்கு ஒரு நாற்காலி போடல! பிரதிநிதித்துவம் இல்லாம வரி கட்ட மாட்டோம்னு ஒரு தேசமே பிரிட்டனை விட்டுப் பிரிஞ்சுது.

சற்குணம்: ஒரு கதிரைக்காக நாப்பத்திரண்டு விதி எழுதினீங்கள்.

கோதண்டராமன்: விதி இல்ல. அரசியல் சாசனம்.

சற்குணம்: ஓம், சாசனம். அதில ஏழாவது... தாய்ச் சங்கத்து ஆக்களின்ர வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போகக்கூடாது, எங்கட வீட்டுக்கு அவை வரக்கூடாது.

கோதண்டராமன்: அது போர்க்காலச் சட்டம்.

சற்குணம்: தாய்ச் சங்கத்துச் செல்வரத்தினம் அண்ணை மங்கரே தொழிற்சாலையில என்னோட ஒண்டா வேலை செய்தவர். ஒரே ஊர். அவற்ர செத்த வீட்டுக்கு நான் போகேல்லை, தலைவர். றோட்டிலயே காரை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான்.

கோதண்டராமன்: ...போர்னா அப்படித்தான். 1812ல ஆரம்பிச்ச சண்டையில பிரிட்டிஷ்காரன் வந்து ஜனாதிபதி மாளிகையையே கொளுத்திட்டுப் போனான். அப்ப ஜனாதிபதியா இருந்த மாடிசன் பணிஞ்சாரா?

சற்குணம்: கடைசியில ஆர் வெண்டது?

கோதண்டராமன்: ம்... யாரும் இல்ல. ஐரோப்பாவுல உக்காந்து, பழையபடியே இருப்போம்னு கையெழுத்துப் போட்டாங்க. அந்தச் சேதி கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள நியூ ஆர்லியன்ஸ்ல பெரிய சண்டை. நூத்துக்கணக்குல செத்தாங்க.

சற்குணம்: சமாதானம் ஆன பிறகா?

கோதண்டராமன்: ஆமா. சேதி தெரியலையே.

சற்குணம்: அப்ப... நானும் ஒரு சேதி சொல்லவேணும். கப்பலை மறிச்சு வைச்சிருந்தது நான்தான்.

கோதண்டராமன்: என்னய்யா உளர்றீங்க?

சற்குணம்: போன வருசம் உங்கட மனுசி பாக்யலட்சுமி அக்கா தவறினபோது... பதின்மூண்டு நாளும் உங்கட வீட்டுக்குக் கேரியரில சாப்பாடு கொண்டந்தனான் எல்லோ?

கோதண்டராமன்: அடுப்பு மூட்டாத வீடு. நம்ம உறுப்பினர்கள் முறை வச்சு சமைச்சாங்க. நன்றி அறிக்கைகூட அனுப்பினேனே!

சற்குணம்: அந்த அறிக்கையை வாசிச்சிட்டு எங்கட சனம் தலையைக் குனிஞ்சது. ஒருத்தரும் ஒரு பருப்புக்கூட அவிக்கேல்லை, தலைவர். அவைக்கு நேரமில்லையாம். சமைச்சது முழுக்க தாய்ச் சங்கத்துப் பொம்பிளையள். ஏழாம் விதி இருக்கே... உள்ள வரமாட்டினம். உங்கட தெரு முடக்கில காரை நிப்பாட்டி என்ர கையில தந்துவிடுவினம். அதில தேவதர்ஷினி எண்ட பிள்ளை ஒருக்கா, அக்காவின்ர முகத்தை மட்டும் பாத்திட்டு வரட்டோ எண்டு அழுதவ. நான்தான் வேண்டாமெண்டனான்.

கோதண்டராமன்: அந்தக் கடிதத்தை இப்படிக் குடுங்க.

சற்குணம்: கோவமே, தலைவர்?

கோதண்டராமன்: பேனா இருக்கா?

சற்குணம்: இந்தாங்கோ. அப்ப நீங்கள்... ஒண்டும் கேக்கேல்லையே?

கோதண்டராமன்: என்னத்தக் கேக்க? மொத நாளே தெரியும் சற்குணம். டிபன் கேரியர் அடியில தாய்ச் சங்கத்துப் பேர் வெட்டியிருந்துச்சு. சென்னையில பாத்திரக்கடை வாசல்ல அரைநாள் நின்னு, அந்தப் பேரை வெட்டி வாங்கிட்டு வந்த செயலாளரே நான்தான்... பதிமூணு நாளும் நான்தானேய்யா அதைத் தேச்சுக் கழுவி உங்க கையில குடுத்தேன்.