தோற்றவர்களுக்கு இன்னொரு வகுப்பு

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் மேலாளர் அவர்களே, என் சலவைக்கூடத்துத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் டீச்சரம்மாவின் அண்ணன், அண்ணி அவர்களே, வணக்கம்.

இஸ்திரிப் பிரிவின் மேற்பார்வையாளனாக டீச்சரம்மாவோடு வேலை பார்த்தவன் நான். பயிற்சி அலுவலர் என்பது அவர் பதவி. டீச்சரம்மா என்பது நாம் வைத்த பெயர். பிறகு இன்னொரு பெயரும் வைத்தோம். நல்லதை மட்டும் பேசி இறங்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முடியாது.

அவருக்கு முன்பு இங்கே பயிற்சி எப்படி இருந்தது? கோட்டு போட்ட ஒருவர் வருவார். கண்ணை மூடி உங்களைச் சிங்கமாக நினையுங்கள் என்பார். கண்ணைத் திறந்தால் அதே ஆஸ்பத்திரி அழுக்கு மூட்டை!

டீச்சரம்மா வந்ததும் வகுப்பே எடுக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு துணி பிரிக்கும் மேசையில் நம்மோடு நின்றார். ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டார்: "எந்த வேலையில கை வைக்கும்போது பயமா இருக்கு?"

எல்லோரும் சொன்னது, விரிப்புகளுக்குள் கிடக்கும் ஊசியை. அதுவே முதல் வகுப்பானது. மூட்டைக்குள் கை விடாமல், தரையில் சரித்துப் பிரிக்கப் பழக்கினார். ஊசி குத்தி அழுதுகொண்டு ஓடுவது நின்றது. அதல்லவா பயிற்சி? தேவையை வேலை செய்பவனிடம் கேட்டு, பாடத்தை அங்கிருந்து தொடங்குவதல்லவா பயிற்சி?

பிறகு நீராவி இஸ்திரி இயந்திரம் வந்தது. வகுப்பும், முடிவில் தேர்வும் வைத்தார். தேர்வு எதற்கு என்று கேட்டேன். "யாருக்குப் புரியலன்னு தெரிஞ்சாத்தானே அவங்களுக்கு மறுபடி சொல்லித் தர முடியும்?" என்றார். ஒளிவுமறைவில்லாமல் மதிப்பெண் போட்டார். தோற்றவர்களுக்கு இன்னொரு வகுப்பும் ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த வகுப்பு நடக்கவில்லை. மதிப்பெண்கள் மேல்மாடிக்குப் போயின. தோற்றவர்களுக்கு வேலைநீக்க உத்தரவுகள் கீழே வந்தன. அவர்களில் ஒருவர், தாயில்லாத டீச்சரம்மாவைத் தன் பிள்ளையாக வளர்த்து, இதே கூடத்தில் உழைத்துப் படிக்க வைத்த அண்ணி.

டீச்சரம்மா மேலே ஓடினார். மேலாளர் அவர்களே, நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நல்லா வடிகட்டிக் குடுத்துட்டீங்க. இதுக்கு மேல எதுக்கும்மா வகுப்பு?"

அவர் படியிறங்கும் முன்பே அந்தச் சொல் இறங்கிவிட்டது. அன்று முதல் அவர் பெயர் வடிகட்டி. உணவுக்கூடத்தில் அவர் தட்டோடு வந்தால் மேசையே காலியாகும். இதைச் செய்தது நிர்வாகமா? இல்லை தோழர்களே. கறுப்புப் பட்டை கட்டிய இதே கைகள்தாம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தன.

இனித் தேர்வு வைக்க மாட்டேன் என்றார். அவரைச் சோப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலை இழந்தவர்களுக்குத் தன் வீட்டிலேயே சொல்லித் தரக் காத்திருந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வயிற்றில் வந்த நோய் முற்றிப் படுத்தபோது, அண்ணியைப் பார்க்க வேண்டும் என்றார். அழைக்கப் போன அண்ணன் பதிலோடு திரும்பினார்.

"மறுதேர்வு வெச்சா வரேன்னு சொல்லச் சொன்னா."

அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நான் கட்டில் அருகே இருந்தேன். டீச்சரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வெச்சிருக்கணும்" என்றார். அதன்பின் யாரையும் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அண்ணியைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் யோக்கியதை இல்லை. அடுப்பு அணைந்தது அவர் வீட்டில்.

அவர் பெயரில் பயிற்சிக்கூடம் திறப்பதாகச் சற்றுமுன் இயக்குநர் அறிவித்தார். நல்லது. அவர் பணியைத் தொடர்வோம் என்று நாங்களும் உறுதி சொல்கிறோம். எப்படித் தொடர்வோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பியவர்களைத் திரும்ப அழையுங்கள். நின்றுபோன அந்த வகுப்பை அவர்களுக்கு நடத்துங்கள். தோற்றால் வேலை போகாது என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை எந்தப் பிரிவிலிருந்தும் ஒருவர்கூட அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க மாட்டார். ரிப்பனை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். கைதட்டவும் நீங்களே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.