பெருவிரலில் வந்த நோய்

எனக்கும் நரம்புக் கோளாறு வந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன்.

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் நான், காலை உள்பக்கம் நீட்டியபடி. நடுவில் மடி நிறைய ஸ்கேன் பைகளோடு ஒருவர். ஜன்னலோரம் அவர் மனைவி.

"நரம்பு டாக்டர் என்ன கேட்டாலும் குழப்பமில்ல, நல்லா இருக்கேண்ணு சொல்லிராதீங்க."

"பின்ன என்னத்த சொல்லணும்?"

"ஐசியூல கெடந்துட்டு வந்த பொறவு செருப்பு கழண்டு போறதுகூட தெரியல்லண்ணு சொல்லணும். மத்தவங்களுக்கு எரியும், குத்தும். உங்களுக்கு அதும் இல்ல."

அதைக் கேட்டதுமே என் பெருவிரல் வலிக்கத் தொடங்கியது. எனக்கு வியர்த்தது. இனி செருப்புக்கும் எனக்கும் உறவு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"இப்பம் நான் மிதிக்கியது தெரியுதா?"

"இல்லியே."

"இப்பம்?"

"நல்லா மிதி பிள்ளே."

எனக்கு வலி உச்சிக்கு ஏறியது. ஜன்னலோரம் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நோய் முற்றுவதற்குள் காலை மடக்கிப் பார்ப்போம் என்று நான் இழுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, வெரலு! காலை எடு."

"தெரியுதா?"

"வலிக்குண்ணேன்."

அவள் காலை எடுக்கவில்லை. சிரித்தாள்.

"இன்னொருக்க சொல்லுங்க."

"வலிக்கு, வலிக்கு, போதுமா?"

"இத அப்படியே டாக்டர்ட்ட சொல்லணும்."

எனக்கு ஒரு நோயும் இல்லை. நான் காலை இழுக்கும்வரை அவள் மிதித்தது என் காலைத்தான்.