வெறும் வயித்துல வரச் சொன்னாங்க

...இல்லங்க, இங்க ரத்தம் பாக்கற மெஷின்லதான் கோளாறு. போன தடவையும் இதே நாற்காலிதான், இதே ஊசிதான். ரிப்போர்ட்டப் பாத்ததும் டாக்டரம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. ட்ரைகிளிசரைடு எகிறிக் கெடக்காம். அதுவும் ரத்தத்துல ஓடற ஒரு கொழுப்பாம். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, "வாயில மட்டும்தான்னு நெனச்சேன், ரத்தத்துலயுமா"ன்னு ஒரு சிரிப்பு. அன்னிக்கு அவருக்கு ரசத்துல உப்பே போடல.

நீங்களும் சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க? மொகம் வாடியிருக்கே. கொஞ்சம் தள்ளி உக்காருங்க... அட, அவ்வளவு தூரம் போகாதீங்க, பைய வெக்கத்தான் எடம் கேட்டேன்.

நான் கேக் கடையில கிரீம் வேலை பாக்கறேங்க. பெரிய கேக் எதுவா இருந்தாலும் ரோஜாப்பூ போடறது நான்தான். வெண்ணெயும் சர்க்கரையும் நல்லா அடிச்சு, கூம்புப் பையில அடைச்சு, பதமா அமுக்கினா இதழ் இதழா விரியும். அப்படி இருந்த கைங்க. மாசாமாசம் வர்றது நின்னுச்சு பாருங்க, அப்ப புடிச்சது சனி. சும்மா நிக்கறப்பவே நெஞ்சுலேர்ந்து ஒரு சூடு கெளம்பும். மூஞ்சி, காது, உள்ளங்கைன்னு தகதகன்னு பரவும். கையில இருக்கற கிரீம் எளகிடும். ரோஜா போட்டா முட்டைக்கோஸ் வருது. மொதலாளி பாத்தார், என்னைய ரொட்டி வெட்டற மேசைக்குத் தள்ளிட்டு, என் ஓரகத்தி கையில பையக் குடுத்துட்டார். ஆமா, அவளும் அங்கதான். வேலைக்குச் சேத்துவிட்டதே நான்தான், என் புத்திய என்ன சொல்றது.

அப்பத்தான் டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதினாங்க. கொஞ்ச நாள்லயே சூடு போன எடம் தெரியல. நல்ல தூக்கம். பை திரும்ப என் கைக்கு வந்துச்சு, ஓரகத்தி ரொட்டி மேசைக்குப் போனா. நான் சிரிக்கலங்க. வீட்டுக்குப் போய்த்தான் சிரிச்சேன்.

அது பொறுக்குமா இந்த ட்ரைகிளிசரைடுக்கு? டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னா, இந்த ஹார்மோன் கெட்ட கொழுப்பக் கொறைக்குமாம், எனக்கும் கொறைஞ்சிருக்காம். ஆனா மாத்திரையா முழுங்கினா சிலருக்கு இந்த இன்னொண்ணு ஏறுமாம். அதே மருந்து தோல்ல ஒட்டற பிளாஸ்திரியாவும் இருக்கு, அதுல ஏறாதாம், ஆனா அத ஒட்டிப் பாத்தா எனக்குத் தடிச்சுப்போச்சு. "இன்னொரு தடவை ரத்தம் பாப்போம், அப்பவும் ஏறியிருந்தா மாத்திரைய நிறுத்திடலாம்"ங்கறாங்க. அவங்களுக்கென்ன, பேனாவ மூடிட்டுப் போயிடுவாங்க. அவஸ்தை எனக்குல்ல. மறுபடி சூடு வரும், மறுபடி ரொட்டி மேசை. அவ பூப் போட, நான் வேடிக்கை பாக்கணும். என்னால முடியாதுங்க.

"இனிப்பு, வெண்ணெய் எல்லாம் எப்படி"ன்னு கேட்டாங்க. தொடறதே இல்லன்னேன். உண்மைதானே? வீட்டுல கீரையும் கஞ்சியும்தான். எனக்குத் தொணையாப் பத்தியம் இருந்து எங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. கடையில ஒரு துண்டு கேக் நான் வாயில வெச்சதில்ல.

ருசி பாக்கறது வேற. அது வேலைங்க. ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் விரல் நுனியில எடுத்து நாக்குல வெச்சாத்தானே சர்க்கரை கரைஞ்சுதான்னு தெரியும்? தையக்காரி நூல் கோக்கறப்ப நுனிய வாயில வெக்கறா, அத சாப்பாடுன்னு சொல்வீங்களா? அந்த மாதிரிதான் இதுவும். விரல் நுனின்னா... சரி, ரெண்டு விரல். பெரிய கேக்குன்னா கரண்டி. ரொட்டி மேசையில நின்னப்ப அதுவும் கெடையாது.

அப்ப எடுத்த ரத்தத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு... இப்ப நீங்க கேக்கறப்பதான் ஞாபகம் வருது. நீங்க எதுவும் கேக்கலையா? சரி, விடுங்க.

இன்னிக்கு அந்த மெஷினு என்ன சொல்லுதுன்னு பாத்துடறேன். ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணிதான். விடியறதுக்கு முன்னாடி ஒரு அவசர ஆர்டர், மூணு அடுக்கு கேக், முழுக்க வெள்ளை ரோஜா. முடிச்ச கையோட இங்க ஓடி வர்றேன், பாருங்க, ஏப்ரனக் கூடக் கழட்டல. ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பேனா?

என்ன, என் வாயையே பாக்கறீங்க? எங்க? இந்த ஓரமா?

...கிரீம்தான்.

அடக் கடவுளே. அப்ப போன தடவையும்...

கூப்பிடறாங்க, என்னத்தான். ஏங்க, நீங்க மொதல்ல போயிடுங்களேன். நான் நாளைக்கு வந்துக்கறேன். நாளைக்கும் ஆர்டர் இருக்கே, அப்ப ருசி பாக்கறது யாரு? அவளா? என் ஓரகத்திகிட்டப் போய் நாக்கு இரவல் கேக்கணுமா நான்?

சிரிக்காதீங்க. தொடைக்கக் கைக்குட்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா... வேணாம், வேணாம், போயிடுச்சு.

ம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான்.