ஏழு தொப்பி

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் பேருந்து தக்கலைக்கு முன்னால் நெரிசலில் நின்றுவிட்டது. முன் இருக்கையில் நாலு வயது மகளை மடியில் வைத்திருந்தவர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“இவளுக்காக நான் துபாய்ல ஏழு தொப்பி வாங்கினேன், அண்ணாச்சி. எனக்குப் போட.”

“உமக்கா? என்னத்துக்கு?”

“வீட்ல எப்பவும் கார்ட்டூன்தான். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள படம் மாறிரும். நான் வீடியோ கால்ல வந்தா ஒரே மூஞ்சி. ‘அப்பா’ன்னு ஒருதரம் சொல்லிட்டு டிவிக்குத் திரும்பிருவா. பொறவு பேசப்பேச தொப்பிய மாத்த ஆரம்பிச்சேன். ஏழும் தீந்தா அவளும் போயிருவா.”

“இப்ப லீவுல வந்தீராக்கும்?”

“நேத்து வந்தேன். தொப்பிய எல்லாம் துபாய் ரூம்லயே மறந்து வச்சிட்டேன். வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்.”

குழந்தை அவருடைய மோவாயிலிருந்த தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பேருந்து ஏன் நகரவில்லை என்று பார்க்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“என்ன மக்கா?”

“ஆடாம, அனங்காம இரு அப்பா. நான் இன்னும் பாத்து முடிக்கல்ல.”