இடுப்பளவு பூச்செடி

தாம்பரத்தில் சாலையோர நர்சரி ஒன்றில் செம்மண் மூட்டைக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.

“இவ்ளோ உயரத்துக்கு அடர்த்தியா வளரணும், வருஷம் பூரா பூக்கணும். வீட்டுல ரெண்டு செம்பருத்தி இருக்கு, ஆனா சுவர் மறையல.”

“சுவரை இன்னாத்துக்குக்கா மறைக்கிறீங்க?” என்றார் நர்சரிக்காரர்.

“வெள்ளம் நின்ன கறை. எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் தெரியுது. வீட்டை விக்கணும்.”

“அப்போ கல்வாழை எட்த்துனு போங்க. தண்ணி நின்னாலும் சாவாது.”

“ஐயோ, வேணாம். அதைப் பாத்தாலே தண்ணி தேங்குற இடம்னு வீடு பாக்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடும். நந்தியாவட்டையே குடுங்க.”

“ஒரு வாரம் தண்ணி நின்னா அது அழுகிடும்க்கா.”

“தெரியும். போன வருஷமும் அதைத்தானே வாங்கிட்டுப் போனேன்.”