காய்ச்சல் விட்டிருந்த நாள்

“பங்கருக்குள்ள இறங்குங்கோ! இறங்குங்கோ!”

குதிக்கிறோம். முதலில் தூரத்தில் குத்தும் சத்தம். பிறகு கூவல். பிறகு வெடி. மண் தலையில் கொட்டுகிறது. 2009, மாசி கடைசி. மாத்தளன் கரை. ஒரு பங்கருக்குள் இரண்டு குடும்பம். கண்டாவளையிலிருந்து வந்த நானும் என் மகள் யாழினியும். துணுக்காயிலிருந்து வந்த செல்வமணியும் அவள் மகள் கோகிலாவும். இரண்டு பிள்ளைகளுக்கும் எட்டு வயது. ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். என் கணவர் தையில் ஷெல்லில் போய்விட்டார். செல்வமணி கணவனையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் வழியிலேயே புதைத்துவிட்டு வந்தவள்.

குடிக்கவே தண்ணீர் இல்லை. தோய்ப்பது எங்கே? உடுப்பின் தையலுக்குள் சீலைப்பேன். எடுத்து எடுத்து நகத்தில் வைத்துக் குத்தினோம். பிள்ளைகளும் குத்தினார்கள். டொக், டொக் என்று கேட்கும். அதே நகத்தால்தான் சொறிந்தோம்.

முதலில் யாழினிக்குத்தான் காய்ச்சல். கொதித்தாள். கால் உளைவு. ஒரு பின்னேரம் உதறி நடுங்கினாள். பிறகு வேர்த்துக் கொட்டியது. உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் விட்டால் தலைக்கு வார்க்க வேண்டும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் வார்த்தேன். தலை இழுத்துப் பொட்டும் வைத்தேன். அன்றுதான் கோகிலா காய்ச்சலில் காயத் தொடங்கினாள். செல்வமணி என் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க புள்ளைக்கு விட்டுருச்சு. குடுத்து வச்சவங்க நீங்க.”

கண் பட்டுவிடும் என்று யாழினியை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பங்கர் பங்கராக ஒரு மிஸி, ஆஸ்பத்திரித் தாதி, வந்தார். கையில் கொஞ்சம் குளிசை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கோகிலாவுக்குக் கொடுத்தார். என் பிள்ளைக்கும் இதே காய்ச்சல்தான், இவளுக்கும் தாங்கோ என்று கெஞ்சினேன். விட்ட காய்ச்சலுக்கு ஏன் மருந்து என்று எனக்கே தெரியாது. அவள் பிள்ளைக்குக் கிடைப்பது என் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

“இவவுக்கு இண்டைக்குக் காயேல்லையே அக்கா. காயிற ஆக்களுக்கே குளிசை காணாது.”

உண்மைதான். யாழினி குளித்துப் பளிச்சென்று இருந்தாள்.

குளிசை போட்ட கொஞ்ச நேரத்தில் கோகிலாவுக்கு உடம்பு உதறித் தூக்கித் தூக்கி அடித்தது. நல்லகாலம், எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். விடிய கோகிலா எழும்பிக் கஞ்சி கேட்டாள்.

ஒரு கிழமை கழித்து யாழினிக்குத் திரும்பவும் காய்ச்சல். மிஸியைத் தேடி ஓடுகிறேன். “படுங்கோ! படுங்கோ!” விழுகிறேன். எழும்பி ஓடுகிறேன். மிஸி இருந்த கொட்டில் இல்லை. பிள்ளைக்குக் கண் மஞ்சளானது. மூக்கால் இரத்தம் வந்தது. பங்குனியில் போய்விட்டாள்.

பிறகு முகாமில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். இரத்தம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சீலைப்பேனால் வரும் மீள்காய்ச்சல் போலத்தான் இருக்கிறது என்றார். பேனை நசுக்கும்போது கிருமி வெளியே வருமாம். சொறிந்த காயத்தால் உள்ளே போகுமாம். காய்ச்சல் விட்டாலும் கிருமி போகாது. உருமாறிப் பதுங்கிக் கிடந்துவிட்டுத் திரும்ப வரும். கோகிலாவுக்குத் தூக்கி அடித்தது, குளிசையில் கிருமி சாகும்போது வருவதாம். வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கோகிலா இப்போது முள்ளியவளையில், என் வீட்டுக்குக் கிட்ட. சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். என்னைக் கண்டால் இறங்கி நின்று கதைப்பாள். நல்ல பிள்ளை. எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை வருடமாகியும் எரிகிறது. பொய் சொல்லி என்ன? காய்ச்சல்தானே, சண்டையில் சாகவில்லையே என்று யாழினியைச் சேர்க்காமல் எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் எண்ணுகிறேன். செல்வமணி இழந்தது கணவன், இரண்டு ஆண்பிள்ளைகள், வீடு. நான் இழந்தது கணவன், யாழினி, வீடு. அவள் என்னைவிட ஒருவரை அதிகம் இழந்தவள். அவளுக்கு மிச்சம் ஒன்று. எனக்கு ஒன்றுமில்லை.